கழற்றாத ஹெல்மெட்

மாதாமாதம் மனநல கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருக்கும் அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். கண்ணாடியை மட்டும் உயர்த்திவிட்டு போனில் வீடியோ பார்ப்பார். அதில் லண்டன் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, தான் மனநோய்க்கு மருந்தெடுப்பதை ஒளிக்காமல் கதைப்பாள்.

“இவளைப் பார்த்துத்தான் தம்பி, நானும் மருந்தெடுக்க வந்தனான். வருத்தத்தை ஒளிக்கக்கூடாதாம். என்ன வடிவாச் சொல்லுறாள்!” என்றார் ஒருநாள்.

“அப்ப உந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்கோவன் அண்ணை. வேர்த்து ஒழுகுது.”

“உமக்கென்ன விசரே? மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சு நடக்குது.”

வரிசையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை.

லண்டன் பிள்ளையை எங்கே கண்டாலும் நான் அடையாளம் சொல்வேன். பக்கத்தில் இருந்த அவர் நாளைக்கு மருதனார்மடச் சந்தையில் எதிரே வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.