பஞ்சு வெள்ளி

வாப்பாவின் பைனாகுலரைக் கண்ணில் வைத்தால், ரப்பர் உதிர்ந்துபோன அதன் இரும்பு வளையம் முதலில் புருவத்தில் சில்லென்று ஒட்டும், பிறகுதான் வானம் வரும். தலைப்பிறை பார்ப்பதற்கென்றே அவர் வாங்கி வைத்திருந்த சாமான் அது. ஹஜ் மாதப் பிறை தேடிய ஒரு மாலை, உக்குவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறை மேட்டில் இருட்டும்வரை நின்றும் மேற்கே மேகம் விலகாததால், நான் சும்மா தெற்கே திருப்பினேன். நட்சத்திரத்துக்கு எங்கள் வீட்டில் "வெள்ளி" என்றுதான் பெயர்; மலைக்கு மேலே ஒரு வெள்ளி மட்டும் பிய்த்துப் போட்ட பஞ்சு போல உருண்டையாக நின்றது. கண்ணாடியில் அழுக்கென்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், பஞ்சு பஞ்சாகவே இருந்தது.

அது லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கும் கோளக் கொத்து என்று மறுநாள் விஞ்ஞான டீச்சர் சொன்னதும், எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பொழுதுபட்டதும் வாப்பாவை மேட்டுக்கு இழுத்துப்போய்க் காட்டினேன்.

"எது மகள்? எல்லாமே பஞ்சு மாதிரித்தானே ஈக்கு."

"இல்ல வாப்பா, அது ஒண்டுதான் பஞ்சு. மத்ததெல்லாம் புள்ளி" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை மாத்தளைக்கு வேனில் ஏற்றி இறக்குவதுதான் அவர் பிழைப்பு.

"உம்மாட்ட சொல்லிடாதீங்க மகள். கண் சரியில்லண்டு தெரிஞ்சா, யாரு புள்ளைகள ஏத்தி அனுப்புவாங்க?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்குப் போகையில் வேனின் முன் ஆசனத்தில் உட்கார்ந்து, "பஸ் வருது", "ஓரத்துல சைக்கிள்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். பின்னாலிருந்தவர்கள் "கண்டக்டர்" என்று கேலி செய்தார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது. பிறகு ஒரு மழை வாரத்தில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள், ரயில் கடவைக்குப் பக்கத்தில் ஓரமாக நடந்துபோன என் வகுப்புத் தோழி பரீனாவை வாப்பாவின் வேன் மோதியது. அவள் பிழைத்துக்கொண்டாள், வலது கால்தான் சரியாகவில்லை.

வாப்பா வேனை விற்றுவிட்டார். பிறகு அவர் கண்ணைப் பார்த்த டாக்டர், வெறும் வெண்புரைதான், அரைமணி நேர வேலை, முன்பே வந்திருக்கலாமே என்றார். புரை எடுத்த பின்னும் வாப்பா ஒரு நாள்கூடப் பாறை மேட்டில் ஏறவில்லை.

இப்போது வாப்பா இல்லை, பாறை மேடும் வீடுகளாகிவிட்டது. ஊர் வெளிச்சத்தில் பஞ்சு வெள்ளி வெறுங்கண்ணுக்குத் தெரிவதே இல்லை. போன மாதம் பள்ளி மைதானத்தில் பெரிய தொலைநோக்கி வைத்து அதைக் காட்டினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் பரீனா நின்றாள்.

"அல்லாஹ்! சீனியக் கொட்டின மாதிரி, அவ்வளவும் தனித்தனியாத் தெரியுதுடீ" என்றாள்.

திரும்பும்போது படியிறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாப்பாவுக்குக் கண் தெரியாதென்று எனக்கு முன்பே தெரியும் என்பதை, அன்றும் அவளிடம் நான் சொல்லவில்லை.