தொட்டியில் ஒட்டிய பொட்டு

போன வாரம் செவிலிமேட்டில் நண்பர் ஒருவர் வீடு மாற்றினார். சாமான்களோடு பழைய மீன் தொட்டி ஒன்றும் வாசலுக்கு வந்தது. "எடுத்துக்கிறீங்களா? நல்ல தொட்டி, ஒழுகாது" என்றார்.

ஒழுகாது... பழைய தொட்டியைத் தருகிறவர் வேறு என்னதான் சொல்வார்?

1997 மாசியில் என்னிடம் இதையே இன்னொருவர் சொன்னார். அப்போது நெசவாளர் கன்னியப்பன் வீட்டின் முன் அறையில் குடியிருந்தோம். உள்கூடத்தில் அவருடைய தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரப் பள்ளம் வெட்டிய குழித்தறி. எங்கள் அறைத் தரை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். பென்சில் கீழே விழுந்தால் உருண்டு தறிக்குத்தான் போகும்.

தறியில் அப்போது இருந்தது அவர் மகள் செல்வியின் கல்யாணப் புடவை. ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவர், முதல் முறையாகத் தன் வீட்டுக்கு நெய்கிறார். அரக்குச் சிவப்பு.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் தொட்டியோடு வந்து இறங்கினேன். என் மனைவி வசந்தாவின் நெடுநாள் ஆசை.

"இன்னா சார் இது, கண்ணாடிப் பொட்டி?"

"மீன் தொட்டிங்க."

"பழசா?"

"பழசுதான்..."

கன்னியப்பன் திரும்பித் தறியைப் பார்த்தார்.

சோதித்துவிட முடிவு செய்தேன். கண்ணாடி ஓரங்களைத் தடவினேன். எங்கும் சில்லு பெயரவில்லை. மூலைகளில் இருந்த சிலிக்கான் பசையை நகத்தால் நெம்பினேன். கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டி பல மாதம் மொட்டை மாடி வெயிலில் கிடந்ததாம். காய்ந்த பசை தண்ணீரின் கனத்தைத் தாங்குமா? நிரப்பினால்தான் தெரியும். வீட்டுக்குள் நிரப்ப யாருக்குத் தைரியம்?

சாயங்காலம் வாசலில் பலகை போட்டு, தெர்மாகோல் விரித்து, தொட்டியை வைத்து நிரப்பினோம். தண்ணீர் நின்ற மட்டத்தில், கண்ணாடிக்கு வெளியே, வசந்தா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தால் — பலகையைச் சுற்றி ஒரே ஈரம்!

"ஒழுகிக்கினு இருக்குது சார்! நல்லவேளை, உள்ள வெக்கல" என்றார் கன்னியப்பன். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

வசந்தா மட்டும் குனிந்து பொட்டைப் பார்த்தாள். "ஏங்க, தண்ணி பொட்டுலயே நிக்குதே?"

உண்மைதான். கொஞ்சமும் இறங்கவில்லை. அப்படியானால் இந்த ஈரம்?

கோலமாவுக் கிண்ணத்தோடு செல்வி வந்தாள். "நான்தாம்பா தெளிச்சேன். மீன் தொட்டி வெச்சா வாசல் தெளிக்கக் கூடாதா?"

தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, ஈரம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறோம்!

சிரித்து முடித்ததும், உள்ளே தூக்கலாமா என்று கன்னியப்பனைப் பார்த்தேன்.

"தொட்டி நல்லாத்தான் இருக்குது சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பட்டுப்பா அது... ஒரு சொட்டு பட்டாலும் கறை போவாது. இன்னிக்கு ஒழுகல. நாளைக்கு?"

நாளைக்கு யாரால் சொல்ல முடியும்? தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, காலித் தொட்டியை அறைக்குள் வைத்தோம். மீன் இல்லாத தொட்டியில் வசந்தா துவைத்த துணிகளைப் போட்டு வைத்தாள். செல்விக்கு அது போதாதா?

"இன்னாக்கா, உங்க மீனுக்கெல்லாம் இஸ்திரி போட்டாச்சா?"

பங்குனியில் ஒரு நாள் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தார்கள். செல்வி தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கேலியெல்லாம் எங்கேயோ போயிருந்தது. கன்னியப்பன் முந்தானையை ஒரு முறை தடவினார். மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு நேராகப் பின்கட்டுக்குப் போய், ஒரு குடம் தண்ணீரோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"ஊத்துங்க சார்."

"ஒழுகினா?"

"ஒழுகட்டுமே! துடைச்சா போச்சு."

அன்றும் அதே தொட்டிதான்... அதே காய்ந்த பசைதான்!