அலைச் செய்தி சொல்லும் சந்திரா

சுனாமிக்குப் பிறகு பட்டினச்சேரிக்கு வந்த நல்லவற்றில் ஒன்று, மீன் ஏலக்கூடத்தை ஒட்டிய அறையில் வைத்த கம்ப்யூட்டர். அதைத் தட்டிப் பழகியவள் சந்திரா. பத்தாவது படித்தவள், கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். விடியற்காலையில் இணையத்தைத் திறந்து, அன்றைக்கு அலை எத்தனை மீட்டர், காற்று எந்தப் பக்கம் என்று தமிழில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அதை ஒலிபெருக்கியில் வாசிப்பவர் மாணிக்கவேல். கோயில் மைக்கும் அவர் பொறுப்புதான்.

அவளே வாசிக்காத காரணம் ஊருக்கே தெரியும். படகு தள்ளும் நேரத்தில் தாலி இழந்தவள் குரல் காதில் விழக்கூடாதாம். அவள் எழுத்து ஆகும், குரல் மட்டும் ஆகாது! என்ன கணக்கோ. சந்திரா முணுமுணுக்கவில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததே, அது போதும் என்றிருந்தாள்.

மாணிக்கவேல் தங்கமான மனிதர். ஆனால் கடலுக்குப் புறப்படுகிறவனிடம் கெட்ட சொல் சொல்லவே மாட்டார். 2007 ஐப்பசியில் ஒருநாள் சந்திரா, 'அலை மூன்று மீட்டர், கடலுக்குப் போக வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாள். மனிதர் மைக்கில், "அலை கொஞ்சம் கூடுதலா இருக்கும்யா, பாத்துப் போய்ட்டு வாங்க" என்று குழைந்தார்.

சந்திரா சட்டென்று எழுந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால், அவள் தம்பி அருள்மணி படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். பேசினால் இந்த வேலை போய்விடும். பேசாவிட்டால்? மைக்கைப் பிடுங்கினாள்.

"மூணு மீட்டர்ங்க! ரெண்டு ஆள் உயரம். யாரும் போகாதீங்க. அருளு, படகை விடுடா!"

கரையே திரும்பிப் பார்த்தது. நாலு படகுக்காரர்கள், "விளங்குமா?" என்று அவளைத் திட்டிக்கொண்டே போனார்கள். அருள்மணியும் மற்றவர்களும் போகவில்லை. பதினொரு மணிக்குள் கடல் கொந்தளித்தது. போனவர்கள் வலையை அறுத்து விட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலம் பஞ்சாயத்தார் கூப்பிட்டார்கள். அவள் குரல் கொடுத்ததால்தான் கடல் பொங்கியது என்று ஒருவர் ஆரம்பித்தார். சந்திரா தலைகுனிந்து நின்றாள். மாணிக்கவேல் எழுந்தார்.

"தப்பு எம்மேலங்க. கெட்டதைச் சொல்ல எனக்கு நாக்கு வரல. அந்தப் பொண்ணு சொல்லலன்னா இன்னிக்கு எத்தன வீட்டுல எழவு விழுந்திருக்கும்? இனிமே மைக்கு அதுகிட்டயே இருக்கட்டும்."

யாரும் சரி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை; மறுநாளிலிருந்து மைக் சந்திராவிடம் வந்தது. அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் தீராது என்று சந்திரா பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மாதம் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, சந்திரா வர அரைமணி தாமதம். ஓட்டமாக ஓடிவந்து பார்த்தால், படகுகள் மணலிலேயே கிடந்தன. பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத் திட்டிவிட்டுப் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

"என்னம்மா இவ்ளோ நேரம்? நீ சொல்லாம நாங்க எப்படித் தள்றது?" என்றார் அவர்களில் ஒருவர்.

சந்திரா கம்ப்யூட்டரைப் போட்டு, பார்த்து எழுதிக்கொண்டாள். மைக்கைக் கையில் எடுத்தவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது கரை முழுக்கக் கேட்டது.