கேட் வாசலில் நான் சொன்ன சொல்

எனக்கு அறுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள்.

இது நடந்தது 2006 தீபாவளி சீசனில். வீடு விருதுநகரில். பட்டாசுக் கம்பெனி சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில். வீட்டுக்காரர் போன பிறகு கம்பெனியை நான்தான் பார்த்து வந்தேன். காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, காரில் போய் வருவேன். படிக்காதவள் நடத்துகிற கம்பெனி என்று யாரும் குறை சொல்ல விட்டதில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம். எந்த வண்டியானாலும் கேட்டுக்கு வெளியே வந்து நின்ற அடுத்த நொடி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சட்டம் சும்மா வரவில்லை. நான் வளர்த்த ஆறில் இரண்டு பேர் என் கொழுந்தனார் பிள்ளைகள். ஒருநாள் லோடு ஏற்றும்போது ஒரு லாரியை அணைக்காமல் விட்டார்கள். சைலன்சரிலிருந்து பறந்த பொறி அட்டைப்பெட்டியில் விழுந்தது. கொழுந்தனாரும் அவர் மனைவியும் அன்று ஒரே இடத்தில் போனார்கள். சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது, பெரியவளுக்கு நான்கு. அதற்குப் பிறகு ஓடிக்கொண்டு நிற்கிற எஞ்சின் சத்தம் கேட்டாலே அணைக்கச் சொல்லிக் கத்திவிடுவேன்.

அந்தச் சின்னவன்தான் வளர்ந்து சென்னையில் வேலைக்குப் போய், எனக்கென்று ஒரு கார் வாங்கி அனுப்பினான். யாரோ ஓட்டின வண்டிதான், ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி. பெட்ரோல் எஞ்சின், டர்போ வைத்தது. “எஞ்சின் சின்னதும்மா, ஆயிரத்து எண்ணூறு சிசிதான். ஆனா நூத்தைம்பது குதிரை சக்தி. பெரிய எஞ்சின் இழுக்கறதை இது இழுத்துரும்” என்று போனில் சொன்னான். எங்கள் பழைய காரிலும் அதே அளவு எஞ்சின்தான், சக்தி அதில் பாதி. புது வண்டியில் ஏறி, நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த ரோட்டில் டிரைவர் மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரைவர் எங்களிடம் பதினோரு வருஷமாக இருந்தவர். சாத்தூர்க்காரர். அதிகம் பேசமாட்டார். வண்டி வந்த வாரமே, கேட் வாசலில் அணைக்கச் சொன்னபோது தயங்கினார்.

“ஆச்சி, வண்டியோட புக்குல போட்டிருக்கு. வேகமா ஓடி வந்து நின்னா ஒரு நிமிசம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கணுமாம். டர்போ சூடா இருக்கும்னு.”

“புக்கு போட்டவனுக்கு வெடிமருந்து தெரியுமாலே?”

“கேட்டுக்கு வெளியதான ஆச்சி நிக்கோம்...”

“என் காதுல எஞ்சின் சத்தம் கேக்கக் கூடாது. வீட்டு வாசல்லயும் அதே சட்டம்தான். கை பழகணும்லா?”

“சரி ஆச்சி” என்று சாவியைத் திருப்பினார். அதற்குப் பிறகு தினமும் அதேதான். விருதுநகரிலிருந்து பறந்து வருவோம், வந்ததும் டப்பென்று அணைப்பார். இரண்டு இடத்திலும் அப்படித்தான்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஆயில் குறைகிறது என்றார் டிரைவர். ஊற்றினோம். இரண்டு வாரத்தில் மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினோம். பழைய வண்டி இப்படி எண்ணெய் குடித்ததே இல்லை. எனக்குச் சந்தேகம் முளைத்தது.

என் புத்திக்கு எட்டியபடி நானே விசாரணை நடத்தினேன். எண்ணெய் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வண்டிக்கு அடியில் எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைத்து, விடிந்ததும் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக் கறை இல்லை. ஆனாலும் எண்ணெய் அளக்கிற கம்பியை உருவிப் பார்த்தால் அளவு இறங்கியிருந்தது. ஒழுகவும் இல்லை, டப்பாவும் என்னிடம். அப்படியென்றால் அடியில் திருகைக் கழற்றி எவனோ இறக்குகிறான். வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? நானே கேள்வி கேட்டு நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மறுநாள் கேட் வாசலில், டீ நேரத்தில், வேலையாட்கள் அத்தனை பேரும் கை கழுவிக்கொண்டு வரிசையாக நின்ற நேரத்தில், அவரைக் கூப்பிட்டேன்.

“ஏலே, எண்ணெயை யாருக்கு வித்த?”

அவருக்கு முதலில் புரியவில்லை. “என்ன எண்ணெய் ஆச்சி?”

“பதினோரு வருசமா சோறு போட்ட வீட்ல திருடுறியே, திருட்டுப் பயலே. கேட்டா முழிக்கிறத பாரு.”

“நான் தொடல ஆச்சி. என் பிள்ள மேல சத்தியமா தொடல.”

“பிள்ளைய எதுக்குலே இழுக்க? சாவிய வச்சிட்டுப் போ.”

சாவியை வண்டி மேல் வைத்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நான் திரும்பி உள்ளே போனேன். சரியாகத்தான் செய்தோம் என்று நினைப்பு.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வெடிக் கம்பெனியில் நம்பிக்கை கெட்டவன் என்று பெயர் வாங்கினவனை இன்னொரு கம்பெனி கேட் சேர்க்காது. மருந்து இருக்கிற இடத்தில் யாரும் சந்தேகத்தை உள்ளே விடமாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேனா என்றால், கோபத்தில் யோசிக்கவே இல்லை.

புது டிரைவர் வந்து மூன்று வாரம் ஆனது. எண்ணெய் மறுபடி இறங்கியது. அப்போதே நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனால் இவனும் அவனுக்குக் கூட்டாளிதான் போல என்று அந்த உறுத்தலை அமுக்கிவிட்டேன். அந்த மாதமே, ஒரு கல்யாணத்துக்காக மதுரை போகும்போது, திருமங்கலம் தாண்டியதும் வண்டியில் விசில் மாதிரி ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை. மிதிக்க மிதிக்க வண்டி இழுக்கவில்லை. கட்டி இழுத்துத்தான் மதுரை கொண்டுபோனோம்.

மெக்கானிக் டர்போவைக் கழற்றிக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சக்கரம். எஞ்சின் புகை போகிற வேகம் இதைச் சுழற்றும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுமாம். அதைத் தாங்கி நிற்பது எண்ணெய் ஒன்றுதான். எண்ணெய் வருகிற குழாயைக் காட்டினார். பணியாரச் சட்டி அடியில் பிடித்த கரி மாதிரி உள்ளே அடைத்திருந்தது.

“எண்ணெய் எங்கன போச்சுன்னு தேடுனீகளாமே. சைலன்சர் வழியாப் புகையா போயிருக்கும்மா. இம்புட்டு இம்புட்டா குடிச்சிருக்கு, கண்ணுக்குத் தெரியாது. சரி, வேகமா வந்து நின்னா எம்புட்டு நேரம் ஓடவிட்டு அணைப்பீக?”

“நின்ன உடனே” என்றேன்.

“அதான். எஞ்சின் நின்னா எண்ணெய் ஓட்டமும் நின்னுரும். ஆனா இந்தச் சக்கரம் உடனே நிக்காது, கொதிச்சுக்கிட்டும் கிடக்கும். உள்ள நிக்கிற எண்ணெய் கருகிரும். தினம் இப்பிடிக் கருக்குனா என்னத்துக்கு ஆகும்? எஞ்சின் மேல குத்தம் இல்லம்மா. முறையா வச்சா ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுற எஞ்சின். டிரைவர் சொல்லலையா?”

அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. டிரைவர் சொன்னார். முதல் வாரமே சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் சாத்தூர் போய் அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் மனைவிதான் முதலில் வெளியே வந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“அவுக இல்ல. ஆலங்குளத்துல சிமெண்ட் லாரிக்குக் கிளீனராப் போறாக. டிரைவரா யாரும் எடுக்கல.” என் முகத்தைப் பார்க்காமல் மேலும் சொன்னார்: “எம் மகள பள்ளிக்கூடத்துல எண்ணெய்த் திருடன் மகள்னு கூப்பிடுதாக ஆச்சி. அவ இப்ப பள்ளிக்கூடம் போமாட்டேங்கா.”

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய டிரைவர் வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். கைகூப்பினேன்.

அவர் பதறிப்போகவில்லை. “இங்கன வந்து எங்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல ஆச்சி. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். நீங்க கேட் வாசல்ல சொன்னீக. அங்கன வந்து சொல்லுங்க” என்றார்.

மறுநாள் அதே டீ நேரம். அவரையும் அவர் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினேன். கொழுந்தனார் மகளையும் சேர்த்து ஐந்து பெண் கல்யாணம் முடித்தவள், அதிகாரிகள் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தவள், அன்று தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லத்தான் பேசினேன். இவர் திருடவில்லை, எண்ணெயைக் கருக்கினது என் உத்தரவு, இவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன்.

திரி வெட்டுகிற ஒரு அம்மாள் பின்னாலிருந்து, “அன்னைக்கு எம்புட்டு சத்தமாச் சொன்னீக ஆச்சி! இன்னைக்குப் பின்வரிசைக்குக் கேக்கலையே” என்றாள். சிலர் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன், பக்கத்துக் கம்பெனி கேட்டுக்குக் கேட்கிற மாதிரி.

வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். “வேண்டாம் ஆச்சி. இனி உங்க வண்டில எண்ணெய்க் கம்பிய உருவிப் பாக்கிறப்பல்லாம் எனக்குக் கை கூசும்” என்றார். ஆனால் போகும் முன் புது டிரைவரைக் கூப்பிட்டு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: “மெயின் ரோட்ட விட்டுத் திரும்புனதும் மெதுவா உருட்டிட்டு வாங்க. கேட் வர்றதுக்குள்ள அதுவே ஆறிரும். அப்புறம் நின்னதும் அணைக்கலாம். ஆச்சி சட்டமும் நிக்கும், எஞ்சினும் பொழைக்கும்.”

இவ்வளவு சுலபமான வழி அவரிடம் முதல் நாளே இருந்திருக்கும். நான்தான் கேட்கவில்லை. அந்த வாரமே பக்கத்துக் கம்பெனியில் அவரை லாரிக்கு டிரைவராக எடுத்துக்கொண்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். டர்போவைப் புதிதாக மாற்றியாயிற்று, வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. எங்கள் வண்டியும் அவர் லாரியும் அந்த ரோட்டில் எதிரெதிரே வரும்போது அவர் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அதற்கு மேல் இல்லை. ஒரு சட்டம் எவ்வளவு நல்லதானாலும், அதற்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்கிற வார்த்தைக்குக் காது கொடுக்காதவள் முதலாளி இல்லை என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, ஒரு சின்னப் பிள்ளை கொடுத்தது.

எழுதினது போதும் தாயி, ஒரு தடவை வாசி. ஆச்சிக்காகப் பார்த்து அந்தத் ‘திருட்டுப் பயலே’யை நயமாக மாற்றியிருக்கிறாயா என்று என் காதால் கேட்டால்தான் தெரியும்.