மிதித்த தரை

மரக்காணம் உப்பளத்தில் உப்பங்கழியை ஒட்டிய கடைசிப் பாத்தியை எல்லோரும் சகாயமேரி பாத்தி என்றுதான் சொல்வார்கள். நிலம் பிரம்மதேசத்து நடராசனுடையது. தரை மட்டும் அவள் காலால் ஆனது.

எக்கியார்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே அவளை அந்தப் பாத்தியில் இறக்கிவிட்டார்கள். களிமண்ணைக் குழைத்துப் போட்டு, பெண்கள் கைகோத்து வரிசையாக நின்று குதிகாலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க மண் இறுகும். நன்றாக இறுகிய தரையில் நிற்கும் உப்புத்தண்ணீருக்கு வெயிலோடு மேலே போக மட்டுமே வழி உண்டு. கீழே இறங்க வழி கிடையாது. கடற்கரை மணலில் வளர்ந்தவளுக்கு அந்த மிதி பிடிபடவில்லை.

"இன்னாடி, நண்டு ஓடற மாதிரி மிதிக்கிற? குதிகால ஊணு" என்று பக்கத்தில் நின்ற சின்னப்பாப்பா இடித்தாள். அவளும் அந்த வருஷம் வந்த மருமகள்தான்.

அன்று கோத்த கை. ஒவ்வொரு வருஷமும் முதல் உப்பு பூத்ததும் இருவரும் வரப்பில் உட்கார்ந்து பச்சை மாங்காயை அதில் தொட்டுத் தின்பார்கள். சின்னப்பாப்பாவின் மூத்தவள் வயிற்றில் இருந்த வருஷம் அவள் ஒருத்தியே மூன்று மாங்காய் தின்றுவிட்டு வாந்தி எடுத்தது இன்றைக்கும் பேச்சு. எத்தனை மழைக்காலம் வந்து போனாலும், தையில் தண்ணீரை இறைத்துப் பார்த்தால் அந்தக் கறுத்த தரை அப்படியே இருக்கும்.

சுனாமி வந்த மார்கழியில் கழி வழியாக ஏறிய கடல் பாத்தி முழுக்க மணலைப் போட்டுவிட்டுப் போனது. தையில் எல்லோரும் மேல் மணலை மட்டும் வழித்துவிட்டு, மிச்சத்தின் மேல் களிமண் போட்டு மிதித்தார்கள். சகாயமேரிக்கு மனசு ஆறவில்லை. பழைய தரை அடியில்தான் இருக்கிறது, அதைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று மண்வெட்டியை எடுத்தாள்.

"போதும் மேரி, ரொம்ப வழிக்காத. அடித்தரை ஊறிக் கெடக்குது" என்றாள் சின்னப்பாப்பா.

"உனுக்கு இன்னா தெரியும், அது நான் மிதிச்ச தரை."

"ஆமா, நான் இன்னா கரையில நின்னு வேடிக்கையா பாத்தேன்?" சின்னப்பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பாத்திக்குப் போய்விட்டாள்.

ஊறிப்போன பழைய தரை மணலோடு சேர்ந்தே பெயர்ந்து வந்தது. வரப்புக்கு வெளியே கொட்டிய குவியல் காய்ந்தபோது, அதில் பாதி கறுப்பாக இருந்ததைக் கண்டுதான் அவளுக்கு விளங்கியது.

இருந்தும் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றி அடையாளம் வைத்தாள். விடிந்து வந்து பார்த்தால் தண்ணீர் குச்சியின் அடையாளத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. ராத்திரியில் ஏது வெயில்? குடித்தது மண்தான்.

பங்குனியில் பக்கத்துப் பாத்திகளெல்லாம் வெளுத்தன. அவளுடையது மட்டும் சேறாகக் கிடந்தது. நடராசன் வரப்பில் வந்து நின்றார்.

"ஏம்மா மேரி, இத விட்டுடலாம். நீ மூட்டை தெக்கிற பக்கம் போயிடு. நெழல்ல உக்காந்து செய்யற வேலைதான்."

"ஆனி வரைக்கும் பாக்கறேங்க."

"ஆனிக்குள்ள பூக்கலன்னா வரப்ப வெட்டிக் கழியோட சேத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அவள் அழவில்லை. கழிக்கரையிலிருந்து களிமண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். ஒற்றையாக மிதித்தாள். கைகோக்க ஆள் இல்லாமல் மிதித்தால் கால் வழுக்கும். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை விழப் போனபோது ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது.

"இன்னும் நண்டு மாதிரிதான் மிதிக்கிற" என்றாள் சின்னப்பாப்பா.

"உன் பாத்தி?"

"அது எங்க ஓடிடப் போவுது? உப்ப வாரிப் போட்டுட்டுத்தான் வர்றேன். பேசாம மிதி."

சித்திரை முழுக்க, தன் வேலை முடிந்த பிறகு சின்னப்பாப்பா வந்தாள். வழித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சகாயமேரியும் சொல்லவில்லை. கால்கள் மட்டும் பழைய கணக்கில் ஒன்றாக ஏறி இறங்கின. வைகாசியில் மறுபடி தண்ணீர் பாய்ச்சினார்கள். விடிந்து பார்த்தபோது தண்ணீர் குச்சியின் அடையாளத்திலேயே நின்றது. சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆனிக் கடைசியில் மேல்காற்று அடித்த ஒரு மத்தியானம், தண்ணீரின் மேல் ஆடை போல ஏதோ மிதந்தது. சாயங்காலம் அது தரையில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் பழுப்பு, சின்னச் சின்னக் கல். நடராசன் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வரப்பை வெட்ட ஆள் வரவில்லை.

மறுநாள் சின்னப்பாப்பா மடியிலிருந்து ஒரு மாங்காயை எடுத்தாள். நன்றாகப் பழுத்திருந்தது.

"ஆனி மாசத்துல பச்சை மாங்காய்க்கு எங்கடி போவேன்? தின்னு."

சகாயமேரி பழத்தில் ஒரு துண்டை உப்பில் தொட்டு வாயில் வைத்தாள்.

"நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.