கொலுவுக்குப் போன சார்ஜர்

என்னிடம் ஒரு சார்ஜரை இரவல் வாங்கிவிட்டு, வாங்கவே இல்லை என்று முகத்துக்கு நேரே சாதித்த மனிதர்மேல் நான் ஒரு வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். விட்டுத்தள்ளு என்றாள் காரைக்காலில் இருக்கும் தங்கை. விட்டுத்தள்ளுகிற ரகம் இல்லை நான்.

வியட்நாமில் சைகோனுக்கு வேலைக்கு வந்த புதிதில் பழம்பொருள் சந்து ஒன்றில் பேரம் பேசி வாங்கிய கால்குலேட்டர் என்னுடையது. கைக்கு அடக்கமானது. விசையை அழுத்தினால் எண்கள் சிவப்பாக எரியும். எழுபத்தைந்தில் போர் முடிந்து நகரம் கைமாறியபோது ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ விட்டுப்போனது என்று கடைக்காரி சொன்னாள். உள்ளே செத்துக் கிடந்த பேட்டரியைப் பிரித்து, புது செல்கள் வைத்து, நானே அதற்கு உயிர் கொடுத்தேன். தூ டுக் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த இரண்டு வருடமும் சாப்பாட்டு மேஜையில் அது என் எதிரே எரிந்துகொண்டிருந்தது.

அதனுடன் வந்த சார்ஜர் இல்லாவிட்டால் அது வெறும் பேப்பர் வெயிட்தான். பிளக்கில் மூன்று துளை. அந்த மாதிரி இன்று எந்தக் கம்பெனியும் செய்வதில்லை.

என் மேனேஜர் சென்னைக்காரர், என்னைவிட ஆறேழு வயது இளையவர். பூ மி ஹங் பகுதியில் எங்கள் குடியிருப்பிலேயே பதினாறாவது மாடி. அவர் மனைவி வருடாவருடம் கொலு வைப்பார். அந்த வருடம் பொம்மைகளோடு பழைய இயந்திரங்களையும் வைக்கலாம் என்று யோசனை. என் கால்குலேட்டரைக் கேட்டு மேனேஜரே நேரில் வந்தார். ஒன்பது நாளும் எரிய வேண்டுமே என்று சார்ஜரையும் கேட்டு வாங்கிப்போனார். கொலு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையில் கால்குலேட்டர் மட்டும் திரும்பி வந்தது.

மறுநாள் கேன்டீனில் கேட்டேன்.

"சார்ஜரா? நீங்க குடுக்கவே இல்லையே மேடம்!" என்றார். கூட இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "ஞாபகம் தப்புது போல. வயசாகுதுல்ல?" என்றார்.

சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. ஒரு சார்ஜரைக் கண்டுபிடித்து, அடுத்த கொலுவில் அவர் கண்ணெதிரே என் கால்குலேட்டரை எரியவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று அந்தத் தட்டின்முன் உட்கார்ந்தே முடிவு செய்தேன்.

அலைந்தேன். இணையத்தில் இந்தக் கால்குலேட்டரை விற்பவர்கள் எல்லோரும் 'சார்ஜர் இல்லை' என்றே எழுதியிருந்தார்கள். ஒரு பழைய கடையில் அதே மூன்று துளைப் பிளக்கோடு ஒரு சார்ஜர் கிடைத்தது. ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தால் நூற்றுப்பத்து வோல்ட். பழைய சைகோன் கரண்டுக்குச் செய்தது. யாரோ அதை இன்றைய இருநூற்று இருபதில் சொருகி ஏற்கெனவே கரியாக்கியிருந்தார்கள், கடைக்காரர் சொல்லாமல் விற்றிருந்தார். பேட்டரியை வெளியே எடுத்து வேறு சார்ஜரில் ஏற்றிப் பார்த்தேன். மூன்றாவது முறை கழற்றும்போது அதைப் பிடித்திருந்த மெல்லிய தகடு வளைந்தது. ஒடிந்துவிடுமோ என்று பயந்து, பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிட்டேன்.

கடைசியில் சோலோன் சந்தைப் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஒரு பெண்மணியைப் பிடித்தேன். லாரிகள் உரசிப்போகும் சந்தில் முழங்கால் உயர மேஜை. மூடியைத் திறந்து பார்த்தவர், "ட்ரோய் ஓய்!" என்று, நம் ஊர் 'ஐயோ கடவுளே' மாதிரி, வாயில் கை வைத்தார். இந்த ரகத்தைப் பேட்டரி இல்லாமல் கரண்டில் சொருகவே கூடாது, மின்சாரத்தைத் தாங்கிக்கொள்வதே பேட்டரிதான், அது இல்லாவிட்டால் சிப் அந்த நொடியே செத்துவிடும் என்று எனக்கு விளங்கும்வரை மூன்று தடவை சொன்னார். பிளக் மட்டும் அவராலும் செய்ய முடியவில்லை. கால்குலேட்டர் உடம்பில் ஓட்டை போட்டு வயரை வெளியே இழுக்கட்டுமா என்றார். எனக்கு மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நவராத்திரியும் வந்தது. நான் தோற்றிருந்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி அன்று காலை மறுபூஜைக்கு மேனேஜர் மனைவி கூப்பிட்டார். போகாவிட்டால் அதற்கும் சிரிப்பார்கள் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

பூஜையில் மடிக்கணினி, கார் சாவி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் என் கால்குலேட்டரைப் போலவே ஒன்று. பக்கத்தில் ஒரு சார்ஜர். அதன் வயர் கழுத்தில் நான் ஒட்டிய பச்சை டேப், டேப்பின் மேல் என் கையெழுத்தில் தேதி. என்னுடையதைப் பார்த்து ஆசைப்பட்டு அதே மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறார். சார்ஜர் இல்லாமல் வந்திருக்கிறது. அதற்காகத்தான் என்னுடையதை அமுக்கியிருக்கிறார்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது நம் வழக்கம். மேனேஜர் கற்பூரத் தட்டை வைத்துவிட்டு கால்குலேட்டரைக் கையில் எடுத்தார்.

"பேட்டரி கசிஞ்சிருந்தது மேடம். சாமிகிட்ட அதோட எப்படி வைக்கிறதுன்னு கழட்டித் தூக்கிப் போட்டுட்டேன். டைரக்டா கரண்ட்ல ஓடும்ல?"

"சார்ஜர் எங்க வாங்கினீங்க சார்?"

"அமெரிக்காலேர்ந்து வரவழைச்சேன். பக்கா ஒரிஜினல்."

உங்களுடையதுதான் மேடம் என்று அவர் சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன்.

"ஒரிஜினல்னா அப்புறம் என்ன சார் பயம்?" என்றேன்.

சொருகினார். சிவப்பு எண்கள் ஒரே ஒரு முறை பளீரென்று எரிந்து அணைந்தன. கற்பூர வாசனைக்கு நடுவே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அவர் விசைகளை மாற்றி மாற்றி அழுத்தினார். தட்டினார். காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"சரியாயிடுமா மேடம்?"

"ஆகாது சார். சிப் போயிடுச்சு."

எவ்வளவு இனிப்பாக இருந்தது அதைச் சொல்ல! அவரோ மனைவி பக்கம் திரும்பி, "இந்தச் சனியன் புடிச்ச சார்ஜர்தான் எல்லாத்துக்கும் காரணம். தூக்கிக் குப்பையில போடு!" என்று கத்தினார். "எங்கிட்ட குடுங்க, போற வழியில நானே போட்டுடறேன்" என்றேன். அந்த அம்மா வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காயோடு அதையும் தாம்பூலப் பையில் போட்டு, குங்குமம் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் என் கால்குலேட்டரில் சொருகினேன். அரைமணி நேரத்தில் எண்கள் எரிந்தன. கைகொட்டிச் சிரித்தேன். பிறகுதான் அந்த இன்னொரு கால்குலேட்டர் நினைவுக்கு வந்தது. இதே விசைகள், இதே சிவப்பு. இத்தனை வருடம் எங்கெங்கோ தப்பிப் பிழைத்து வந்ததை ஒரு கேள்வி கேட்டு நான் சாகடித்திருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. அவரை நினைத்தால் நன்றாகவே இறங்குகிறது.