ஊசி முடியும் வரை ஒன்பது பேர்

குழந்தைகள் வார்டு வாசலில் காவல் நிற்பவனுக்கு வேலை ஒன்றுதான்: ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் என்று எண்ணி உள்ளே விடுவது. வாசலில் நின்று சம்பளம் வாங்குபவர்களுக்கு என் பாடு புரியும்.

மூன்று பாஷை புழங்கும் எல்லையோரப் பாகலூரிலிருந்து ஐந்து மாத ஆண் குழந்தையோடு அன்று வந்தவர்கள்: தாய், தகப்பன், தாத்தா, பாட்டி, தாய்மாமன், அவர் மனைவி, அத்தைகள் இருவர், காரோட்டி. ஆக ஒன்பது பேர்.

கதவு

குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்கவில்லை, உச்சிக்குழி வீங்கியிருந்தது. கிருமியால் வந்த மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டரம்மா. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தர்தான் உள்ளே" என்றேன். என் மெல்லிய குரல் எனக்கே சரியாகக் கேட்காது. தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாட்ச்மேனய்யா, நாங்க எல்லாம் சேர்ந்துதான் ஒருத்தரு."

காய்ச்சல் விட்டதும்

ஊசி மருந்து ஏறி, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் பால் குடித்தான். உடனே தாத்தா பையைக் கட்டிவிட்டார்.

"கிருமி கொஞ்சம் மிஞ்சினாலும் திரும்ப வரும். ரெண்டு வாரமும் முழுசா ஊசி போடணும்" என்றார் டாக்டரம்மா.

"சிரிக்கிற புள்ளைய எதுக்கும்மா இன்னும் குத்தணும்?" என்றார் தாத்தா.

தகப்பனுக்குத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை. அப்பா முன்னால் வாய் திறக்காத பிள்ளை. அன்று பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"ஒரு பீஸ் பாஸ் ஆச்சுன்னு மொத்த லாட்டையும் அனுப்ப மாட்டேன்ப்பா. எம் புள்ளைய அனுப்புவனா?"

காது

இந்த நோய் சில குழந்தைகளுக்குக் காதைக் கெடுத்துவிடுமாம். ஊசி முடிந்ததும் காதைச் சோதித்துத்தான் அனுப்புவோம் என்றார்கள். சோதனை நாளன்று தாய் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. நான் தடுக்கத் தடுக்க உள்ளே நுழைந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தாத்தா தெலுங்கில் "நானா" என்றார். தாய்மாமன் கன்னடத்தில் "புட்டா" என்றார். காரோட்டி தமிழில் "ராஜா" என்றார். மூன்று செல்லப் பேரும் ஒரே நேரத்தில்.

பையன் வெடுக்கென்று தலையைத் திருப்பினான்.

என் பாஷைக்குத்தான் திரும்பினான் என்று மூவரும் கத்த ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு கருவி வைத்துச் சோதித்த நர்ஸ், "ரெண்டு காதும் நல்லா இருக்கு" என்று சொன்னபோதும் கத்தல் ஓயவில்லை. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள்:

"மூணு பேரும் வாயை மூடுங்க, அவனுக்குத்தான் எல்லாம் கேக்குதே!"

அவர்கள் போன பிறகு எண்ணிப் பார்த்தேன்: காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை, பாக்கி ஊசி இல்லை; தீராமல் மிஞ்சியது எந்தப் பாஷைக்குத் திரும்பினான் என்ற வழக்கு ஒன்று.